கூலி கேட்ட அத்தை

"முப்பது ரூபாயா? இந்த ரெண்டு பூச்சியைப் பாத்துக்கறதுக்கா?"

ஆதிலக்ஷ்மியின் குரல் கூடத்தைத் தாண்டித் தெருவரை கேட்டது. எதிரே தரையில் உட்கார்ந்திருந்த பிச்சம்மாள் அசையவில்லை. ஸ்ரீவைகுண்டம் பக்கத்து வயல்காட்டு ஊர்க்காரி அவள். தூத்துக்குடியில் நாலைந்து வசதியான வீடுகளில் கைக்குழந்தைகளைப் பார்த்துப் பேர் வாங்கியவள்.

"ஒரு பிள்ளைக்குப் பதினஞ்சு ரூவா எல்லா வீட்லயும் தாராக. இங்கன ரெண்டுல்லா கெடக்கு."

"ஒண்ணைப் பாக்கறவளுக்கு இன்னொண்ணு என்ன பாரம்? பக்கத்துல பக்கத்துல போட்டா தூங்கிட்டுப் போறது. இருபது தரேன், வாங்கிக்கோ."

"ஒண்ணு தூங்கும்போது மத்தது முழிக்கும்மா. அதத் தூங்க வச்சா இது அழும். ரெண்டு பிள்ளைன்னா எனக்கு உறக்கமே கெடையாது. அந்த உறக்கத்துக்குத்தான் கேக்கேன்."

"நோக்கு வயிறு ஒண்ணுதானேடி?"

"வயிறு ஒண்ணுதான். கை ரெண்டும்லா வேலை செய்யுது."

ஆதிலக்ஷ்மியின் மகன் வரது செய்தித்தாளை மடித்தான். கப்பல் கம்பெனி ஒன்றில் தலைமைக் குமாஸ்தா. ஐம்பத்தெட்டாம் வருஷத்தில் அது நல்ல சம்பளம்தான். ஆனால் ஒரு வேலைக்காரி தன் அம்மாவுக்குப் பதில் சொல்வது அவனுக்குப் பொறுக்கவில்லை.

"இஷ்டம் இருந்தா இரு. இல்லேன்னா கெளம்பு."

பிச்சம்மாள் எழுந்தாள். கொல்லைப்புறம் கண்ணில் பட்டது. கிணற்றடியில் நெற்றி வெறுமையாய், வெளிறிய புடவையில் ஒருத்தி குழந்தைத் துணிகளைக் கும்பலாகப் போட்டுத் துவைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்தம்மாவுக்கு என்ன சம்பளம் குடுக்கீக?"

"வாயை அலம்பு! அவ என் பொண்ணு. அவளுக்கு எதுக்குடி சம்பளம்?"

சொல்லி முடித்ததும் ஆதிலக்ஷ்மியின் முகத்தில் கோபம் வடிந்து வேறொரு யோசனை வந்தது. அன்று பிச்சம்மாள் வெறுங்கையோடு போனாள். அவள் கேட்ட கேள்வியின் பலன் கிணற்றடியில் இருந்தவள் தலையில் விழுந்தது.

கமலவல்லி வரதுவுக்கு நாலு வயது மூத்தவள். பத்தொன்பது வயதில் புருஷனை இழந்து பிறந்த வீட்டுக்கு வந்து பதினைந்து வருஷமாகிவிட்டது. வரதுவின் மனைவி பத்மாசனிக்குத் தாய் இல்லை என்பதால் பிரசவம் இங்கேயே நடந்தது. ஓர் ஆண், ஒரு பெண். இரட்டைப் பிள்ளைகள் பிறந்த அறைக்குள் கமலவல்லி மட்டும் நுழையக் கூடாது. தீட்டுக் கழிந்து பெயர் வைத்த அன்றும் அவளைச் சமையலறைக் கதவுக்குப் பின்னால்தான் நிற்க வைத்தார்கள். பச்சைக் குழந்தைகள் அவள் முகத்தில் விழிப்பது ஆகாதாம்.

பிச்சம்மாள் போன அதே மத்தியானம் ஆதிலக்ஷ்மி இரண்டையும் கொண்டுவந்து அவள் மடியில் போட்டாள்.

"இனிமே நீ பாத்துக்கோடி. பெத்த உடம்பு, பத்மாவுக்குத் தெம்பில்லை."

"நான் தொடலாமாம்மா?"

"ஆத்து மனுஷாளுக்குள்ள என்ன பார்க்கறது?"

காசு கேட்காத கைக்கு அந்த வீட்டில் அன்றோடு தோஷம் நீங்கிவிட்டது.

முதல் சில நாட்கள் கமலவல்லிக்குக் கால் தரையில் பாவவில்லை. பெண் குழந்தை அவள் விரலைப் பிடித்துக்கொண்டால் விடாது. ஆண் குழந்தை தோளில் போட்டு நடந்தால்தான் தூங்கும். ஆனால் சமையலும் துவைப்பும் பாத்திரமும் எங்கும் போய்விடவில்லை. இரண்டு மாதத்தில் அவள் உலை வைத்துக்கொண்டே நின்ற நிலையில் கண்ணயர்ந்தாள். கஞ்சி கொட்டிப் பாதம் வெந்தது. குழந்தைகளைப் பார்க்க வந்த டாக்டர் ஜெபசெல்வி அந்தப் பாதத்துக்கு மருந்து போட்டாள்.

"எத்தனை நாளாத் தூங்கல?"

"அதெல்லாம் தூங்கறா, டாக்டர்" என்று ஆதிலக்ஷ்மி பதில் சொன்னாள்.

மூன்றாம் மாதம் குழந்தைகளை ஆழ்வார்திருநகரிக்குக் கொண்டுபோய்ப் பெருமாளைச் சேவிக்கச் செய்வதென்று முடிவாயிற்று. விடியற்காலையிலேயே கமலவல்லி இரண்டையும் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டி, மை இட்டு, புதுச் சட்டை போட்டு முடித்தாள். தானும் தலைக்குக் குளித்து நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டாள். வாசலில் வாடகைக் கார் வந்து நின்றது. ஒவ்வொரு தோளிலும் ஒரு குழந்தையோடு அவள் ரேழிக்கு வந்தாள்.

"நீ எங்கே வரே?" என்று ஆதிலக்ஷ்மி பதறினாள். "குழந்தைகளைக் குடுத்துட்டு உள்ளே போ. கெளம்பற நேரத்துல எதிர்ல நிக்காதே. கொல்லைக்குப் போ, கார் தெருவைத் தாண்டற வரைக்கும் வராதே."

கமலவல்லி வரதுவைப் பார்த்தாள். அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

கொல்லையில் நின்றிருந்த அவளுக்குக் கார் புறப்படும் சத்தமும், அதற்கு மேலாக இரண்டு குழந்தைகளும் வீறிடும் சத்தமும் கேட்டன. பிறகு தெரு அமைதியாயிற்று. அன்று முழுக்க வீட்டில் வேலை இருந்தும் அவள் எதையும் தொடவில்லை.

சாயங்காலம் அவர்கள் திரும்பியபோது குழந்தைகள் அழுது அழுது தொண்டை கட்டிப்போயிருந்தன.

"எடுத்துக்கோடி, பிராணன் போறது" என்று ஆதிலக்ஷ்மி நீட்டினாள்.

கமலவல்லி இரண்டையும் வாங்கிக்கொண்டாள். தோளில் சாய்ந்ததும் அவை ஓய்ந்தன. அவள் வரதுவிடம் திரும்பினாள்.

"மாசம் பதினஞ்சு ரூபா என் கையில குடு, வரது. பிச்சம்மா கேட்டதுல பாதி."

யாருக்கும் முதலில் புரியவில்லை. புரிந்ததும் ஆதிலக்ஷ்மி தலையில் அடித்துக்கொண்டாள்.

"பெத்தவ ஆத்துல கூலி கேக்கறியா? கூடப் பொறந்தவன் குழந்தைகளைத் தூக்கறதுக்குக் கூலியா? நாக்கு அழுகிடும்டி!"

"கூடப் பொறந்தவளா இருந்தா கார்ல ஏத்தியிருப்பேளே அம்மா. வேலைக்காரின்னா சம்பளம் குடுங்கோ. ரெண்டுல ஒண்ணைச் சொல்லுங்கோ."

"சோறு போடலையா? துணி வாங்கித் தரலையா?" வரதுவின் குரல் உயர்ந்தது. "உனக்கு எதுக்கு அக்கா காசு? உனக்கு என்ன செலவு இருக்கு?"

"கையில காசு வந்தாத்தானே என்ன செலவுன்னு தெரியும்."

பத்மாசனி கோயில் பிரசாதத்தைப் பிரித்து வைக்கத் தொடங்கினாள். நாத்தனார் சொல்வது நியாயம் என்று அவளுக்குத் தெரிந்தது. அதைச் சொன்னால், 'அப்போ நீயே பாத்துக்கோ' என்று மாமியார் இரவில் குழந்தைகளைத் தன் பக்கம் தள்ளிவிடுவாள் என்பதும் தெரிந்தது.

"ஒரு தம்பிடி கெடையாது. இஷ்டம் இருந்தா இரு" என்றான் வரது. மீதியை அவன் சொல்லவில்லை. போக்கிடம் இல்லாதவளிடம் அதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தான்.

மறுநாள் காலை கமலவல்லி குழந்தைகளுக்குப் பாலைப் புகட்டித் தூங்க வைத்தாள். மாற்றுப் புடவையை ஒரு பையில் போட்டுக்கொண்டு இரண்டு தெரு நடந்து டாக்டர் ஜெபசெல்வி வீட்டுக் கதவைத் தட்டினாள். அந்த அம்மாளுக்கும் எட்டு மாதக் கைக்குழந்தை. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்தாள்.

"எங்க வீட்டுச் சாப்பாடு நீங்க சாப்பிடமாட்டீங்களே?"

"ஒரு அடுப்பு குடுங்கோ, நானே பொங்கிக்கறேன்."

பின்கட்டில் ஓர் அறை, தனி அடுப்பு, இருபது ரூபாய், ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் லீவு என்று பேசி முடித்தார்கள். லீவில் என்ன செய்வது என்று தெரியாமல் முதல் ஞாயிறு அவள் பொழுது சாயும்வரை தூங்கினாள்.

அங்கே மூன்றே நாளில் வரது வீடு தலைகீழாயிற்று. பிச்சம்மாளைத் தேடிப்பிடித்து, அவள் கேட்ட முப்பதையும் ஒப்புக்கொண்டு அழைத்துவந்தார்கள். தெருவில் கேட்டவர்களிடம், "கமலா காசிக்குப் போயிருக்கா" என்றாள் ஆதிலக்ஷ்மி. அறுத்தவள் காசிக்குப் போனால் குடும்பத்துக்குப் புண்ணியம். கூலிக்குப் போனால் மானம் போய்விடும்.

ஒரு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை காலை பெருமாள் கோயில் வாசலில் ஆதிலக்ஷ்மி பெண் குழந்தையோடும், பிச்சம்மாள் ஆண் குழந்தையோடும் நின்றிருந்தார்கள். அடுத்த வீட்டு பாஷ்யம் வாத்தியாரின் மனைவியும் கூட இருந்தாள். எதிரே, டாக்டர் வீட்டுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கமலவல்லி வந்தாள்.

"காசியிலேர்ந்து எப்ப வந்தே கமலா?" என்றாள் வாத்தியார் மனைவி.

ஆதிலக்ஷ்மி கோபுரத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"நான் காசிக்குப் போகலை மாமி. டாக்டரம்மா ஆத்துல குழந்தையைப் பாத்துக்கறேன். சம்பளத்துக்கு."

அதற்குள் பெண் குழந்தை அவளை அடையாளம் கண்டுகொண்டு பாட்டியின் கையிலிருந்து தாவியது. ஆதிலக்ஷ்மி அதை இழுத்து இறுக்கிக்கொண்டாள். அது அழுதது. "தவிக்குதுல்லா, குடுங்கம்மா" என்று பிச்சம்மாள் முணுமுணுத்தாள்.

கமலவல்லி கிட்டே வந்து அந்தப் பிஞ்சு விரல்களைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"சாயங்காலம் ஆத்துக்கு வரேம்மா. வேலைக்கு இல்லை. அத்தையா, குழந்தைகளைப் பாக்கறதுக்கு. வாசல் வழியா வருவேன்."

ஆதிலக்ஷ்மி பல்லைக் கடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "இன்னிக்கு வெள்ளிக்கிழமைடி."

"தெரியும்மா. விளக்கேத்தற நேரத்துக்கு வந்துடறேன்" என்றாள் கமலவல்லி.