தியரி பாஸ் பண்ணாதவர்கள் தொடக்கூடாது

எங்கள் அடுக்குமாடிக் கட்டடம் செவ்வாய்க்கிழமை காலை மேலே கிளம்பியது. பொழிச்சலூரில் விமானங்கள் தலையை உரசிக்கொண்டு போகும். பார்த்துப் பார்த்துக் கட்டடத்துக்கும் ஆசை வந்திருக்க வேண்டும். இனி தண்ணீர் லாரி வராதே என்பதுதான் எல்லோருக்கும் கவலை.

என் கவலை வேறு. மனைவி வசுமதி கறிவேப்பிலை வாங்கக் கீழே போயிருந்தாள். போன் செய்தாள்.

"ஏங்க, வீட்டைக் காணோம்."

"மேல பாரு."

"அய்யய்ய. சாம்பாரை இறக்கிட்டீங்களா?"

"நீ வந்துதானே தாளிக்கணும்."

"சிம்ல வைங்க. வந்துடறேன்."

மோட்டார் ரூமில் சுவிட்ச் இருந்த இடத்தில் ஒரு நெம்புகோல் முளைத்திருந்தது. அதை அசைத்தால் கட்டடம் இறங்கும், திரும்பும். சங்கச் செயலாளர் சற்குணம் சார் அதற்குள்ளாகவே அதில் ஓர் அட்டை மாட்டியிருந்தார். 'விமானி தியரி பாஸ் பண்ணாதவர்கள் தொடக்கூடாது.'

"சார், என் வீட்டம்மா கீழ நிக்கிறாங்க."

"ரூல்னா ரூல் சார். மொட்டை மாடியில வடாம் காயவச்சதுக்கு என் மச்சினிக்கே ஃபைன் போட்டவன் நான்."

சற்குணம் சார் அன்றே உயரமானியாக மாறியிருந்தார். மூக்கு இருந்த இடத்தில் ஒரு முள் நடுங்கியது.

"உங்க வயசென்ன?"

"நாப்பத்தொம்பது."

"படிக்கற வயசுதான்."

வீட்டிலிருந்தே தியரி படிக்க இரண்டு பள்ளிகள் இருந்தன. எதில் சேரலாம் என்று குடியிருப்போர் வாட்ஸப் குழுவில் கேட்டேன். எல்லோரும் குட் மார்னிங் அனுப்பினார்கள். பள்ளிகளையே கூப்பிட்டேன்.

முதல் பள்ளியில் ஒரு பெண் பேசினாள். "கேள்வி எல்லாம் எங்ககிட்ட இருக்கு சார். பதிலை மனப்பாடம் பண்ணுங்க, போதும்."

"கட்டடத்தை இறக்க வருமா?"

"பாஸ் ஆவீங்க சார்."

இரண்டாவது பள்ளியில் ஒரு பெரியவர் எடுத்தார். "ஒரு பாடம் புரிஞ்சாதான் அடுத்த பாடம்."

"எத்தனை நாள் ஆகும்?"

"புரியற வரைக்கும்."

"அடுப்புல சாம்பார் இருக்கு சார்."

"சிம்ல வைங்க."

வசுமதி சொன்னதையே சொன்னார். நம்பி அதில் சேர்ந்தேன்.

கூரியர்காரர் மேலே வர மறுத்துவிட்டார். புத்தகங்களை வசுமதிதான் வாங்கிக்கொண்டாள். வாட்ச்மேன் நாற்காலி கீழேயே தங்கிவிட்டிருந்தது. அதில் உட்கார்ந்து தினமும் போனில் எனக்குப் படித்துக் காட்டினாள்.

"இறக்கைக்கு மேல காத்து வேகமா ஓடுது. புரியுதா?"

"ம்."

"என்ன புரிஞ்சுது?"

"காத்து ஓடுது."

"எங்க?"

"வெளியில."

புத்தகத்தை மூடும் சத்தம் கேட்டது. "விடுங்க. பரீட்சையை நானே எழுதிடறேன்."

பரீட்சையும் கீழேதான் நடந்தது. வசுமதி எல்லாப் பேப்பரிலும் பாஸ். சற்குணம் சாரிடம் ஓடினேன்.

"பாஸ் பண்ணவங்க கீழ. நெம்புகோல் மேல. இது செல்லாது சார்," என்றார்.

வசுமதியைக் கூப்பிட்டேன். "நீ இங்க வந்தாத்தான் உண்டு. இல்லேன்னா இறங்க முடியாது."

"இறங்கி எங்க நிப்பீங்க? நம்ம இடத்துல எவனோ நாலு காரை நிறுத்தி வச்சிருக்கான். ஜன்னலைத் திறங்க."

திறந்தேன். பக்கத்தில் ஒரு விமானம் வந்து நின்றது. முன்சக்கரத்தில் நசுங்கிய எலுமிச்சம்பழம் ஒட்டியிருந்தது. விமானி இருக்கையில் வசுமதி. புடவைக்கு மேல் வெள்ளைச் சட்டை. விமானத்தின் ஜன்னல் கண்ணாடியைத் தள்ளிவிட்டுக் கறிவேப்பிலையை நீட்டினாள். வாடவில்லை.

"உள்ள வா வசு."

"எப்படிங்க வர்றது? பின்னாடி ஜனங்க உக்காந்திருக்காங்க. துபாய் போகணும். நீங்க என் பின்னாலயே வாங்க. அங்க பார்க்கிங் இருக்காம், கேட்டுட்டேன்."

தாளிக்கும் கரண்டியில் எண்ணெய் ஊற்றிக் கடுகு போட்டு அடுப்பில் வைத்தேன். மோட்டார் ரூமுக்கு ஓடினேன். சற்குணம் சார் வாசலை மறித்தார்.

"பாஸ் பண்ணவங்க இப்ப மேலதான் இருக்காங்க சார். முன்னாடி போறாங்க," என்றேன்.

முள் யோசித்தது.

"துபாய்ல தண்ணி லாரி வருமா?"

"வரும்."

அட்டையைக் கழற்றினார். "இண்டிகேட்டர் போட்டுத் திருப்புங்க."

மொட்டை மாடி விளக்கு இடப்பக்கம் சிமிட்டியது. நெம்புகோலைத் தள்ளினேன். எங்கள் வீட்டில் கடுகு வெடித்தது.