எஞ்சினியரின் ட்ரக்டர்

அக்ரம் கட்டாரில் பதினொரு வருஷம் ஒரு மாளிகைத் தோட்டத்தில் புல் வெட்டினான். ஓட்டமாவடியில் வந்து இறங்கியபோது அது எஞ்சினியர் உத்தியோகமாகிவிட்டது. விமானத்தில் எந்த இடத்தில் இந்தப் பதவி உயர்வு கிடைத்தது என்று அவன் மனைவி நிஸ்மியா கேட்கவில்லை. ஊரே எஞ்சினியர் என்று கூப்பிடுகிறது, நமக்கேன் பொல்லாப்பு என்று இருந்துவிட்டாள். அதுதான் அவள் செய்த பிழை.

வீடு அவளுக்குச் சீதனமாக வந்தது. வீட்டோடு ஒட்டிய அரிசி மா மில்லும் அவளுடையதுதான். ஒற்றை டீசல் எஞ்சினில் ஓடும் மில். நோன்புக்கு முந்திய இரண்டு கிழமையும் ஊர்ப் பெண்களெல்லாம் ஊறவைத்த அரிசிச் சட்டியோடு அவள் வாசலில்தான் நிற்பார்கள். அந்த இரண்டு கிழமை ஓட்டத்தில்தான் அவள் வருஷம் முழுக்க யாரிடமும் கை நீட்டாமல் நிற்கிறாள்.

பாசிக்குடாப் பக்கம் ஒரு ஹோட்டலில் கழித்துவிட்ட பழைய தோட்ட ட்ரக்டர் ஒன்றை அக்ரம் இரும்பு விலைக்குக் கொண்டுவந்தான். அதன் பெற்றோல் எஞ்சின் இறுகிச் செத்துப்போயிருந்தது. டீசல் எஞ்சின் ஒன்றை வைத்தால் சரி என்றான். டீசல் எஞ்சினுக்கு எங்கே போவது என்று அவன் அதிகம் மண்டையை உடைக்கவில்லை. நிஸ்மியா ஏறாவூரில் ஒரு கலியாணத்துக்குப் போய்த் திரும்பிய அன்று, மில்லில் எஞ்சின் இருந்த இடத்தில் நான்கு நட்டுகள் மட்டும் கிடந்தன.

"நோன்புக்குப் பதினாறு நாள்தான் இரிக்கி. எங்க மில் எஞ்சின்?"

"கொஞ்சம் பொறு. பின்வளவ உழுதுபோட்டுத் திருப்பி வெச்சித் தாறன்."

"கழட்டி வெக்க ஏலுமா ஒங்களுக்கு?"

"நான் ஆரு?" என்றான் அக்ரம்.

பதில் அவள் நாக்கு நுனியில் நின்றது. அவளுடைய உம்மா பக்கத்தில் இருந்ததால் விழுங்கிக்கொண்டாள்.

இரும்பு ஒட்டும் வெல்டிங் வேலைக்கு வந்த றிப்ஷான், எஞ்சின் எந்தப் பக்கம் பார்த்து இருக்க வேண்டும் என்று கேட்டான்.

"பேர்த்தகடு முன்னுக்குத் தெரியட்டும். றோட்டால போகக்குள்ள ஆக்கள் பாக்கணுமே."

"அப்பிடி வெச்சா மத்தப் பக்கமாச் சுத்துமே நானா" என்று றிப்ஷான் இழுத்தான்.

"கட்டார்ல எல்லாம் இப்பிடித்தான்."

கட்டார் என்ற சொல்லுக்கு மேல் அந்த ஊரில் யாருக்கும் பேச்சு இல்லை. துளைகள் பொருந்தாததால், எஞ்சினின் அடியைச் சட்டத்தோடு சேர்த்தே ஒட்டிவிடச் சொன்னான். றிப்ஷான் ஒட்டினான்.

வெள்ளோட்டத்துக்குப் பாதித் தெரு திரண்டது. அக்ரம் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஏறி, முதல் கியரைப் போட்டுக் கிளச்சை விட்டான். ட்ரக்டர் பின்னால் பாய்ந்து பக்கத்து வீட்டு றபீக்காவின் வேலியையும் கொடியில் காய்ந்த சட்டைகளையும் வாரிக்கொண்டு நின்றது. இரண்டாம் கியரில் இன்னும் வேகமாகப் பின்னால் போனது. மூன்றாம் கியரைப் பார்க்க யாரும் நிற்கவில்லை. முன்னால் போக ஒரு கியர்தான் இருந்தது, ரிவர்ஸ். அதிலும் வண்டி ஊர்ந்தது.

"பின்னுக்குத்தான் இதுக்குப் பலம் கூட" என்றான் எஞ்சினியர், தோளில் றபீக்காவின் பாவாடையோடு.

தெருவே சிரித்தது. நிஸ்மியா றிப்ஷானைக் கூப்பிட்டு எஞ்சினைக் கழற்றித் தரச் சொன்னாள். வெட்டி எடுத்தால் எஞ்சினின் அடி பிளந்துவிடும் என்று றிப்ஷான் கையை விரித்துவிட்டான். பெண்களோ அரிசி எப்போது கொண்டுவரலாம் என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அவளுக்கு அழுகை வந்தது. அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு மில் வாசலைச் சாணால் அளந்தாள்.

"ஏறுங்க" என்றாள் புருஷனிடம். "முதல் கியரப் போடுங்க."

பின்னால் போகச் சொன்னால் அந்த ட்ரக்டருக்கு நிகரே இல்லை. ஒரு சுவரிலும் உரசாமல் மில்லுக்குள் புகுந்து நின்றது. நிஸ்மியா கியரை எடுக்கச் சொல்லி, டயர்களுக்குக் கல் வைத்து, எஞ்சின் சக்கரத்திலிருந்து மில்லுக்குப் பெல்ட்டை மாட்டினாள். மா கொட்டியது. ஒரே ஒரு குறை. எஞ்சின் அதிர அதிர வண்டி கல்லைத் தாண்டி நகரப் பார்த்தது. யாராவது மேலே இருந்து பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மறுநாள் சட்டிகளோடு வரிசை தெருவரை நின்றது. தலை முதல் கால் வரை மா படிந்து, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அக்ரம் உட்கார்ந்திருந்தான்.

"ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வாறனே" என்றான்.

"எறங்காதீங்க. பெல்ட் கழண்டுரும்."

றபீக்கா தன் சட்டியை நீட்டியபடி மேலே பார்த்தாள். "எஞ்சினியர் எங்க போறார்?"

"பெருநாளைக்கு" என்றாள் நிஸ்மியா, அரிசியைக் கொட்டிக்கொண்டே. "இன்னம் ஒன்டர மாசத்துல போய்ச் சேந்துருவார்."