மடிக்காமல் விட்ட இலை

சம்மந்தி பொங்கியண்ணன் என் வலப்பக்கம், தம்பி நாச்சிமுத்து இடப்பக்கம், எதிர்வரிசையில் மாப்பிள்ளைப் பையன் கதிர், அவன் தாய்மாமன் செங்கோடன், அவர்களுக்கு அப்பால் நிச்சயப் பட்டுச்சேலையில் தம்பி மகள் மேகலா, இத்தனை பேரும் இருக்க என் சோற்றுக் குழியில் ரசம் நிறைகிறது, நான் எழுந்துவிட்டேன், கண்ணை மூடினால் இப்போதும் எழுந்துகொண்டுதான் இருக்கிறேன், எச்சில் கையோடு, மறுகையால் வேட்டியின் பின்புறத்தைப் பிடித்துக்கொண்டு மண்டபத்தின் நீளம் முழுக்க நடக்கிறேன், கக்கூஸ் கதவு தள்ளித் தள்ளிப் போகிறது. எங்கள் வகையறாவில் மூத்தவன் இலையை மடிக்கும்வரை பந்தியில் யாரும் எழுவதில்லை, அவன் மடிக்காமல் நடுவில் எழுந்தால் அந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று பொருள், வாய் திறந்து சொல்ல வேண்டியதே இல்லை, என் அப்பா அப்படி எழுந்து ஒரு கல்யாணம் நின்றதைப் பார்த்தவன் நான், அந்த முறையைக் கட்டிக் காத்தவனும் நான், அதே நான்.

அதற்கு முன்பே எனக்குப் பவுத்திரத்துக்கு இரண்டு முறை அறுத்தார்கள், இரண்டாம் முறை ஆசனவாயைச் சுருக்கிப் பிடிக்கும் தசையும் சேர்ந்து அறுந்தது, புண் ஆறியது, பிடிமானம் போனது, வேட்டிக்குள் துணி, துணிக்கு மேல் துணி, கோயிலுக்குப் போவதை நிறுத்தினேன், கேட்டவர்களிடம் முழங்கால் வலி என்றேன். கோயமுத்தூர் டாக்டரம்மா, என் மகள் வயதிருக்கும், காகிதத்தில் வரைந்து காட்டுகிறார், ஐயா, அறுந்த தசைய இழுத்துத் தைக்கலாமுங்க, ஆனா உங்களுக்குத் தழும்பு நெறைய இருக்குது, தைச்சாலும் போகப் போகத் தளர்ந்துரலாம், இல்லீன்னா முதுகுக்கு அடியில நரம்புகிட்ட மெல்லிசா ஒரு கம்பி, புட்டத்துத் தோலுக்குள்ள பேட்டரி, மொதல்ல பேட்டரிய வெளியில மாட்டிப் பாப்போம், கேட்டுச்சுன்னா உள்ள வெப்போம், எதுவுமே ஆகலீன்னா கடைசியா வயித்துல வழி வெச்சுப் பை. பையா, எங்க குடும்பத்துல யாரும் பை கட்டிட்டுத் திரிஞ்சதில்லீங்க என்றேன். துணி கட்டிட்டுத் திரியறீங்களே ஐயா, என்று சிரிக்காமல் சொன்னார், கோபத்தில் எழுந்து போயிருப்பேன், எழுந்தால் என்ன ஆகுமோ என்று உட்கார்ந்திருந்தேன், இப்போதெல்லாம் கோபப்படவும் வயிற்றைக் கேட்க வேண்டியிருக்கிறது.

நாச்சிமுத்து வந்து நிற்கிறான், அண்ணா, பந்தியில தோட்டத்துப் பங்கப் பத்தி செங்கோடன் பேசுனதுல நீங்க கோவிச்சுட்டு எலைய உட்டு எந்திரிச்சீங்கன்னு ஊரே பேசுது, மாப்பிள்ள வீட்டுல வேற எடம் பாக்கறாங்களாமா, புள்ள சோறு திங்காம கெடக்குறா. வயிறு சரியில்லைன்னு சொல்லு என்றேன். சொன்னனுங்கண்ணா, வயிறு சரியில்லாதவரு வடைய ரண்டாந்தரம் கேட்டு வாங்கித் தின்னாராக்கும்ங்கறாரு செங்கோடன். வடையைக்கூட எண்ணியிருக்கிறார், பார்க்க வேண்டியதைப் பார்க்கவில்லை. கோபக்காரன் என்ற பெயர் எனக்குப் பழக்கம்தான், அதற்குள் சுகமாக ஒளிந்துகொள்ளலாம், குடும்ப மானம் என்று அதற்குப் பேரும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் நான் ஒளிந்தால் மேகலாவின் கல்யாணம் நின்றுபோகும், அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை, வாசலில் என் செருப்பை நேராகத் திருப்பி வைத்துவிட்டுப் போனாள், அதுதான் தாங்கவில்லை.

அந்தியூரில் பொங்கியண்ணன் வீட்டுக் கூடம், துணி கட்டிக்கொண்டுதான் வந்திருக்கிறேன், காரில் வரும்போது சொல்லிப் பார்த்த நல்ல வார்த்தைகள் ஒன்றும் இப்போது நினைவில் இல்லை. செங்கோடன் நாற்காலியை இழுத்துப் போடுகிறார், வாங்க சம்மந்தி, இன்னிக்காச்சும் முழுசா உக்காருவீங்களா. பொங்கியண்ணன் தலைகுனிந்து வெற்றிலைக் காம்பைக் கிள்ளுகிறார், நாச்சிமுத்து என் முழங்கையைத் தொடுகிறான், வேண்டாம் என்றா சொல்லுங்கள் என்றா தெரியவில்லை, நான் முதுகை நிமிர்த்திக்கொண்டேன்.

கோவத்துல எந்திரிச்சேன்னு பேசிக்கறாங்களாமா, அது பொய்யுங்க, தோட்டத்துப் பங்குப் பேச்சு என் காதுலயே உழுகல. பவுத்திரம் அறுத்ததுல தசை போயி எனக்கு வெளிக்கி அடங்கறதில்ல, அன்னிக்குப் பந்தியிலயே வந்துருச்சு, எந்திரிச்சேன். நரம்புக்குக் கம்பி வெச்சுக்கப் போறேன். சம்பந்தத்துல எனக்கு ஒரு கொறையும் இல்லீங்க.