வெத்துத் தாளில் கைநாட்டு

பொள்ளாச்சியில் பி.ஏ. முடித்து, கேரள எல்லைக்குள் இருக்கும் கொழிஞ்சாம்பாறைக்குத் திரும்பிய ரெண்டு வருசத்தில் மயிலாத்தாளுக்கு ஒன்று மட்டும் தெளிவாகிவிட்டது. இந்த ஊர்ச் சங்கங்கள் ஆளைப் பார்த்துச் சேர்ப்பதில்லை; ஆளுக்குப் பின்னால் நிற்பது யாரென்று பார்த்துத்தான் சேர்க்கும். படிப்பகமான வாயனசாலைக்குப் போனாள். கேரம் ஆடிய ஆண்கள் காயை விட்டுவிட்டு அவளையே பார்த்தார்கள். நாடகக் குழுவில், "எந்தக் கட்சி அம்மிணி?" என்றார்கள். "ஊட்டுக் கட்சி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

மிச்சம் பெண்கள் சங்கமான மகிளா சமாஜம். எழுபத்தி நாலில் ஊருக்குப் பாலவாடி, சின்னப் பிள்ளைகள் பள்ளி, வந்திருந்தது. டீச்சர் யாரென்று சமாஜம்தான் தீர்மானம் எழுதி பிளாக் ஆபீசுக்குக் கொடுக்க வேண்டும். திங்கட்கிழமை கடைசி நாள். அடுத்தவன் காட்டில் கடலைக்காய் பிடுங்கி அப்பன் மாரப்பன் வாங்கிக்கொடுத்த பட்டம் அது. அந்த வேலை அவளுக்கு வேண்டும். சமாஜத்தில் இருந்தால்தான் கிடைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிரசிடெண்ட் சாந்தம்மாள் வீட்டுக்குப் போனாள். அரிசி மில்லுக்காரர் சம்சாரம்.

"வா கண்ணு, வா! படிச்ச புள்ளை வந்தாத்தான் சமாஜத்துக்கே மதிப்பு."

உட்காரும் முன்னே காப்பி வந்தது. இதே வாசலில் கூலிக்கு நிற்கும் அப்பனுக்கு ஒரு சொம்பு தண்ணி வந்ததில்லை. மயிலாத்தாள் காப்பியைத் தொடவில்லை.

பாயில் பத்துப் பதினோரு பெண்கள். நடுவில் மினிட்ஸ் நோட்டு. புரட்டினாள். போன மாசத் தேதிகள் போட்ட பக்கங்களில் அடியில் வரிசையாகக் கைநாட்டு. மேலே வெறும் தாள்.

"வெத்துத் தாள்லயா ரேகை வெச்சிருக்கீங்க? மேல நாளைக்கு என்ன எழுதுவாங்கன்னு ஆருக்குத் தெரியும்? புத்தி வேண்டாமா?"

"கந்தப்பன் எழுதுவானுங்க. மில்லுக் கணக்கன்" என்றாள் முன்னால் இருந்த சின்னத்தாயி. களை எடுக்கப் போகிறவள்.

"இந்த மாசத்தது எழுதியே இருக்குது கண்ணு" என்று சாந்தம்மாள் கடைசிப் பக்கத்தைத் திருப்பி வைத்தாள். "உன்னைச் சேத்தாச்சு. இங்க ஒரு கையெழுத்துப் போடு."

பக்கம் முழுக்க மலையாளம். ஒரு எழுத்து புரியவில்லை. இப்போதுதான் இவர்களை ஏசியிருந்தாள். அத்தனை கண்ணும் அவள் மேலேயே. காது சுட்டது.

"எனக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது."

"அப்பறம் பி.ஏ.வுல என்னதான் படிச்சே?" என்றாள் சின்னத்தாயி. பாயே சிரித்தது.

துணிக்கடை நபீஸா மட்டும் சிரிக்கவில்லை. மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். தமிழ் பேச்சோடு சரி, வாசிக்க வராது. நோட்டை இழுத்துப் பார்த்தாள். "பாலவாடிக்கு டீச்சர், சித்தூர் விசாலாட்சி. பேரை முன்மொழிஞ்சது மயிலாத்தாள் பி.ஏ.ன்னு இருக்கு."

"நானா?"

"விசாலாட்சி என்ர தங்கச்சி புள்ளை" என்றாள் சாந்தம்மாள், முகம் மாறாமல். "படிச்சவ சொன்னா ஆபீசுல கேப்பாங்க. அதுக்கென்ன இப்போ?"

மயிலாத்தாள் நபீஸா பக்கம் திரும்பினாள். "இத்தனை நாளா இதை நீங்க ஏன் வாசிச்சுச் சொல்லலைங்க?"

"ஆரும் கேக்கலையே."

மயிலாத்தாள் நோட்டைப் பிடுங்கினாள். ரேகை இல்லாத வெறும் பக்கம் ஒன்றில் தமிழில் விறுவிறுவென்று எழுதினாள். "வாசிக்கறேன், கேளுங்க. பாலவாடிக்கு மாரப்பன் மகள் மயிலாத்தாளை டீச்சராகப் போடச் சொல்லிச் சமாஜம் தீர்மானிக்கிறது. சம்மதம்னா ரேகை வைங்க."

சின்னத்தாயி கட்டைவிரலில் மை தொட்டாள். விரல் தாளுக்கு மேலே வந்து நின்றது.

"நீ இதைத்தான் எழுதீருக்கேன்னு எங்களுக்கு எப்புடித் தெரியும்?"

"வாசிச்சுக் காட்டினேனே!"

"கந்தப்பனும் வாசிச்சுக் காட்டுவான். எழுதறதும் நீ, வாசிக்கறதும் நீ, வேலையும் உனக்கு. புத்தி வேண்டாமான்னு நீதானே கேட்டே?"

மயிலாத்தாள் நபீஸாவைப் பார்த்தாள். தமிழ் எழுத்து; நபீஸா உதட்டைப் பிதுக்கினாள். சின்னத்தாயி விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் கையை மடக்கிக்கொண்டார்கள். ரெண்டு பக்கத்திலும் ரேகை விழவில்லை.

"நாளைக்கு ஆபீசுக்கு என்னத்தைக் கொடுக்கறதாம்?" என்று சாந்தம்மாள் கத்தினாள்.

வேலை போயிற்று. கோபத்தில் மயிலாத்தாளுக்கு அழுகை முட்டியது. கோபம் யார் மேல் என்றுதான் பிடிபடவில்லை. சின்னத்தாயி மேல் படமுடியவில்லை. தான் எழுதிய தாளைக் கிழித்து நாலாக மடித்தாள்.

"அடுத்த ஞாயித்துக்கெழமையும் வருவேன்."

"வா" என்றாள் சின்னத்தாயி. "பேனாவை ஊட்டுலயே வெச்சுட்டு வா."