அவள் வீட்டுக்காரருக்குத் தொண்ணூற்றெட்டு

தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளியின் ஆக்ஸிஜன் எண் ஏற ஏற, வெளியே காத்திருக்கும் மனைவியும் வளர்வாள். எல்லா ஆஸ்பத்திரியிலும் இதுதான் வழக்கம். என் வீட்டுக்காரருக்குத் தொண்ணூறு. பெஞ்சில் உட்கார்ந்தால் என் கால் தரையைத் தொடாது.

என் ஓரகத்தி சொர்ணலதாவின் வீட்டுக்காரருக்குத் தொண்ணூற்றெட்டு. அவள் தலை மின்விசிறியில் இடிக்கும் என்பதால் மின்விசிறியை நிறுத்தி வைத்திருந்தார்கள். எல்லோருக்கும் வியர்த்து ஊற்றியது. முந்தானையால் விசிறிக்கொண்டு பொறுத்துக்கொண்டோம். தொண்ணூற்றெட்டு அல்லவா.

அண்ணனும் தம்பியும் ஒரே வாரத்தில் மூச்சு வாங்கி விழுந்தார்கள். அடுத்தடுத்த கட்டில். மூத்தவர் என்னவர். எண்ணில் மட்டும் இளையவன் மூத்துவிட்டான்.

காலை பத்து மணிக்குப் பலகையில் எண்களை ஒட்டுவார்கள். பரீட்சை முடிவு பார்ப்பது போல ஓடிப்போய் விரல் வைத்துத் தேடுவோம். முதலிடம் வந்தவரின் மனைவி மிட்டாய் கொடுக்க வேண்டும். நாலு நாளாகச் சொர்ணலதாதான் கொடுக்கிறாள்.

"எடுத்துக்கோங்கக்கா" என்று மேலிருந்து குனிந்து நீட்டினாள்.

எடுத்துக்கொண்டேன். தின்னவில்லை. வயிறு பற்றி எரிந்தது. எரியட்டும், எனக்கென்ன வெட்கம்?

சிஸ்டர் ஜெபக்கனி கதவைத் திறந்து, "உங்களத்தான் கூப்பிடுதாரு" என்றாள். போனேன்.

"வீட்டு மோட்டரை அணைச்சிட்டியா?" என்று என்னவர் கேட்டார்.

"அணைச்சாச்சு. உங்க தம்பிக்குத் தொண்ணூத்தெட்டாம்."

"சரி."

"என்ன சரி? உங்களுக்குத் தொண்ணூறு."

"எனக்கு இது போதும்ளா. நல்லாத்தான் இருக்கு."

"உங்களுக்கு எல்லாமே போதும். அதான் இந்தக் கதி."

அவர் சிரித்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சிரித்ததில் எண்பத்தொன்பதாகி, மறுபடி தொண்ணூறானது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

டாக்டர் மருந்து பீரோவுக்குள் இருந்தார். தட்டினால் திறப்பார். தட்டி, எண்ணைக் கூட்டச் சொன்னேன்.

"எம்பத்தெட்டுலேருந்து தொண்ணூத்திரண்டு. அதுதான் உங்க வீட்டுக்காரருக்கு அளவு" என்றார்.

"ஏன்?"

"நாப்பது வருஷப் பீடி. அந்த நெஞ்சு கம்மிக்குப் பழகிப்போச்சு. கூடக் குடுத்தா அப்படியே அசந்து தூங்கிடுவாரு. எழுப்புறது கஷ்டம்."

"தம்பிக்கு மட்டும்?"

"அது நிமோனியா. நெஞ்சு வேற, அளவு வேற."

"ஒரே வயித்துல பொறந்தவங்க டாக்டர்."

"நெஞ்சு ஒண்ணா வளரலையே" என்று பீரோவைச் சாத்திக்கொண்டார்.

ஆக்ஸிஜன் எண்ணின் இலக்கை மாற்றிக் கொடுக்கும் ஆபீஸ் தாழ்வாரத்தின் கடைசியில் இருந்தது. சொர்ணலதாவை நினைக்கும்போதெல்லாம் தாழ்வாரம் நாலு கதவு நீண்டது. நினைக்காமல் நடந்து பார்த்தேன். நடக்கிற காரியமா? அவளுக்குத்தான் மாமியார் ஜன்னல் வைத்த அறையைக் கொடுத்தாள். பதினோரு கதவு நீண்டது. வந்த மறுவருஷமே ஆண்பிள்ளை பெற்றாள். இருபது கதவு. அவள் ரசத்தை என் வீட்டுக்காரரே இரண்டாந்தரம் கேட்டு வாங்கினார். அதற்குப் பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன்.

ஆபீஸில் ஒரு கிளார்க் இருந்தார்.

"நீங்க உயிரோட இருக்கறதுக்கு அத்தாட்சி?"

"இதோ நிக்கேனே."

"நிக்கறது போதாது. மூச்சு ரெண்டு காப்பி."

இரண்டு கவர் கொடுத்தார். இரண்டிலும் ஊதி ஒட்டிக் கொடுத்தேன். அவர் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார்.

"இதுல பெருமூச்சு கலந்திருக்கு. செல்லாது."

மறுபடி ஊதினேன். படிவம் கொடுத்தார். நோயாளி பெயர், உறவு, கேட்கும் எண், காரணம். காரணம் என்ற இடத்தில் 'ஓரகத்தி' என்று எழுதினேன்.

"நல்ல காரணம். உடனே கெடைக்கும். 'பிழைக்கணும்'னு எழுதுனா ஃபைல் டாக்டர்கிட்ட போயிரும். அவரு வேண்டாம்பாரு."

"தொண்ணூத்தொம்பது போடட்டுமா?"

"நூறே போடுங்க. கேக்கதுதான் கேக்கீங்க."

பீரோவில் டாக்டர் சொன்னதை இவரிடம் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. இருந்திருந்தாலும் எழுதியிருக்க மாட்டேன். தெரிந்தேதான் நூறு என்று போட்டேன். டமால் என்று சீல் குத்தினார்.

திரும்பி வர மூன்றே எட்டுதான். அதற்குள் வளர்ந்துவிட்டேன். நிலைப்படியில் இரண்டு தரம் இடித்துக்கொண்டேன். பலகையில் அதற்குள் எண்ணை மாற்றி ஒட்டியிருந்தார்கள்; என் வீட்டுக்காரர் பெயர் முதலில் இருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். யாரோ என் முழங்கால் உயரத்தில் நின்று, "குடுத்து வச்சவங்க" என்றார்கள். ஆகா, அந்தச் சொல்லைக் கேட்க எத்தனை வருஷம் காத்திருந்தேன்!

சொர்ணலதாவைத் தேடினேன். சாதாரண உயரத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"கொறைச்சிட்டாங்கக்கா. தொண்ணூத்தஞ்சு. இவருக்கு இனிமே அவ்வளவு தேவையில்லையாம்" என்றாள். "எந்திரிச்சு உக்காந்து காப்பி கேட்டாரு."

"நான் நூறு, பாத்தியா?"

"பாத்தேங்க்கா. சந்தோஷம்."

நிஜமாகவே சந்தோஷப்பட்டாள், பாவி. துளிப் பொறாமை இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உள்ளே குனிந்து பார்த்தேன். தலையும் தோளும் வார்டுக்குள் கூரையோடு ஒட்டியிருந்தன. மற்றதெல்லாம் தாழ்வாரத்தில் கிடந்தது. திரையில் நூறு பச்சையாக நின்றது. அசையவே இல்லை. என் வீட்டுக்காரர் கண் மூடிக் கிடந்தார். நெஞ்சு ஒரு தரம் ஏறி இறங்கியது. அடுத்த மூச்சுக்குக் காத்திருந்தேன். நேரமானது.

சிஸ்டர் ஜெபக்கனி அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஐயா, கண்ணைத் தொறங்க. ஐயா!" பிறகு என்னை அண்ணாந்து பார்த்தாள். "யாரும்மா ஏத்துனது?"

"நான்தான். கொறைங்க சிஸ்டர்."

"ஆபீஸ்ல ஏத்துனதை ஆபீஸ்லதான் கொறைக்கணும். நீங்க பக்கத்துல வந்து கூப்பிடுங்க. உங்க சத்தத்துக்குத்தான் முழிப்பாரு."

பக்கத்தில் வரப் பார்த்தேன். இடுப்பு நிலைப்படியில் சிக்கிக்கொண்டது. அவர் காது எங்கோ கீழே இருந்தது.

"என்னங்க!" என்று கூரையிலிருந்து கத்தினேன்.

பக்கத்துக் கட்டிலில் காப்பி குடித்துக்கொண்டிருந்த என் கொழுந்தன் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன மதினி?" என்றார். தெளிவான குரல்.

அவள் புருஷன் பதில் சொல்கிறான். எனக்கு வயிறு எரிந்தது. மறுபடியும் கூப்பிட்டேன்.