பின்பாரம்

காரில் நாங்கள் நான்கு பேர். ஓட்டுகிற இடத்தில் அண்ணன். அவன் பக்கத்தில் அம்மா. பின்னால் உட்கார்ந்தால் அவளுக்குக் குமட்டும். அண்ணனுக்குப் பின்னால் நான், மடியில் சுவர்க் கடிகாரம். எனக்கு அடுத்து, போர்வையில் சுற்றிய டி.வி. சீட் பெல்ட் போட்டு ஓர் ஆளைப் போல உட்கார்ந்திருந்தது. அதற்கு அப்பால் அண்ணி. கூரைமேல் மெத்தையும் கட்டில் சட்டங்களும். பின்னால், அண்ணன் தன் கம்பெனியில் இரவல் வாங்கி வந்த ட்ரெய்லரில் மற்றதெல்லாம்.

அவர் வாசல்வரை வந்தார். வண்டி கிளம்பும் முன்பே உள்ளே போய்விட்டார். அவர் என்றால் என் கணவர்.

அவர் அடித்தவரில்லை, குடித்தவரில்லை. கோபம் வந்தால் என்னோடு பேசமாட்டார், அவ்வளவுதான். கல்யாணமான புதிதில் அது ஓரிரு நாள். பிறகு வாரக்கணக்கானது. கடைசியாக வந்த கோபம் ஒரு மழைக்காலத்தில் தொடங்கி அடுத்த மழைக்காலத்தையும் தாண்டிவிட்டது. பால்காரரிடம் பேசுவார், பக்கத்து வீட்டுப் பூனையிடம்கூடப் பேசுவார். நான் தட்டை வைத்தால் தட்டு தானாக வந்ததுபோல் சாப்பிட்டு எழுந்துபோவார். ஒருநாள் அண்ணனுக்குப் போன் செய்து, "வண்டி கொண்டு வா" என்றேன். அதைச் சொல்லும்போதும் எனக்கு அழுகை வரவில்லை. அடுப்பில் பால் இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டே பேசினேன்.

சாமான் ஏற்றும் முறை எங்களில் யாருக்கும் தெரியாததல்ல. கனமானது சக்கரத்துக்கு மேலே, கொஞ்சம் முன்னால் தள்ளி இருக்க வேண்டும். லேசானதுதான் வால்பக்கம். அண்ணி பார்சல் ஆபீசில் வேலை பார்க்கிறவள். வந்து இறங்கியதுமே, "பீரோவும் தையல் மெஷினும் முதல்ல வரட்டும்" என்றாள்.

இரண்டும் படுக்கையறையில் இருந்தன. படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே அவர் இருந்தார்.

"தூங்குறாரோ என்னமோ" என்றாள் அம்மா. காலை பத்து மணி.

"நீ போய்த் தட்டேன்டா."

"நான் எப்படிம்மா தட்டுறது? நீ தட்டு. உனக்கு மாப்பிள்ளை."

"பொண்ணைக் கொடுத்தவ நான் போய்த் தட்டினா நல்லாவா இருக்கும்?"

கூடத்தில் நின்று நான்கு பேரும் அந்தக் கதவைப் பார்த்தோம். பிறகு அண்ணன் தலையணை மூட்டையைத் தூக்கினான். அதற்குப் பின் நாற்காலிகள், துணி மூட்டைகள், பாத்திரப் பெட்டி. எல்லாம் ட்ரெய்லரின் முன்பக்கத்தை நிறைத்தன. கூடம் காலியான பிறகு கதவு தானாகத் திறந்தது. அவரே பீரோவின் அடிப்பக்கத்தைப் பிடித்தார், அண்ணன் தலைப்பக்கம் பிடித்தான். உள்ளே இருப்பதை எடுத்துவிட்டுத் தூக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. பீரோ வால்பக்கம் போய் உட்கார்ந்தது, அதன் பக்கத்தில் தையல் மெஷின். ட்ரெய்லரின் வால் தாழ, காரின் பின்பக்கம் மெல்ல மேலே எழும்பி, முகம் குனிந்துகொண்டது.

"பின்பாரம் அடிக்குதுங்க" என்றாள் அண்ணி, தாழ்ந்த குரலில்.

"மெதுவாப் போயிடலாம், விடு" என்றான் அண்ணன்.

அவர் கையைத் தட்டிக்கொண்டு அண்ணனிடம் பேசினார். நான் அவருக்கு இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். "வாடகைப் பத்திரத்துல உங்க தங்கச்சி கையெழுத்தும் இருக்கு. வீடு வேணுமா, காலி பண்றதான்னு மாசக் கடைசிக்குள்ள வீட்டுக்காரர் கேக்கறார். எழுதிப் போடச் சொல்லுங்க."

"சொல்றேன் மாப்பிள்ளை" என்றான் அண்ணன்.

ஊர் எல்லை தாண்டும்வரை அம்மா பொறுத்தாள். பிறகு தொடங்கினாள். "வேணும்னு எழுதிப் போட்டுடு சின்னவளே. ஆறு மாசம் எங்களோட இரு. மனசு ஆறினா போ. வீடுன்னு ஒண்ணு இருந்தாத்தானே போறதுக்கு."

கூரையிலிருந்து 'ம்ம்ம்' என்று ஓர் ஒலி வந்துகொண்டிருந்தது. மெத்தையைக் கட்டிய பட்டை காற்றில் அதிர்கிறது என்றாள் அண்ணி. முதல் பெட்ரோல் பங்கில் நிறுத்தினோம். எப்படியும் கொஞ்ச தூரம் போனதும் கட்டுத் தளர்ந்திருக்கும், பார்க்கத்தான் வேண்டும். அண்ணன் பட்டைகளை இறுக்கினான். அண்ணி ஒவ்வொரு பட்டையையும் அவிழ்த்து, ஒரு முறுக்கு முறுக்கி மறுபடி மாட்டினாள். மெத்தையின் முன்முனையைக் கயிற்றால் பம்பரின் கீழிருந்த வளையத்தோடும் கட்டினாள். கிளம்பியபோது ஒலி இல்லை.

"அது ஒண்ணாவது ஏதோ பேசிக்கிட்டு வந்துச்சு. அதுவும் வாயை மூடிக்கிச்சு" என்றாள் அம்மா.



பாலத்துக்கு முன்னால் சாலை இறக்கமாக இருந்தது. ஒரு பஸ் எங்களை முந்திக்கொண்டு போனது. முதலில் என் மடியில் கடிகாரம் ஒருபுறம் சாய்ந்தது. பிறகு மறுபுறம். மூன்றாவது முறை காரே சாய்ந்தது. கண்ணாடியில் பார்த்தேன், ட்ரெய்லர் ஒரு தடவை சாலை ஓரத்துக்குப் போய், அடுத்த தடவை நடுக்கோட்டுக்கு வந்தது. பின்னாலிருந்து யாரோ எங்கள் இடுப்பைப் பிடித்து உலுக்குவதுபோல் இருந்தது.

"பிரேக்கை மிதிக்காதீங்க!" என்றாள் அண்ணி. "ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுங்க. ஸ்டியரிங்கை நேரா பிடிங்க. திருப்பாதீங்க. திருப்பாதீங்க!"

"தெரியும்டி!"

"தெரிஞ்சா சரி!"

அம்மா இரண்டு கைகளாலும் முன்பலகையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். கடிகாரத்தின் கண்ணாடி உடையக்கூடாது என்று மட்டும் நான் நினைத்தேன். வேறு நினைப்பு வரவில்லை. வரும் என்று கொஞ்சம் காத்திருந்தும் பார்த்தேன். வேகம் குறையக் குறைய ஆட்டம் அடங்கியது. பாலம் தாண்டி, அகலமான ஓரம் பார்த்து அண்ணன் நிறுத்தினான். ஸ்டியரிங்கை விட்டபின்பும் அவன் விரல்கள் மடங்கியே இருந்தன.

சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்தோம். பிறகு எல்லாவற்றையும் இறக்கினோம். என் வீடு முழுவதும் சாலையோரப் புல்லில் நின்றது: நாற்காலிகள், பாத்திரப் பெட்டி, தையல் மெஷின், பீரோ.

ஒரு லாரி வேகம் குறைந்தது. ஓட்டுநர் தலையை நீட்டினார். "என்னக்கா, புதுக் கடையா? நாற்காலி என்ன விலை?"

"தனியாத் தர்றதில்லை. பீரோவைத் தூக்குறவங்களுக்கு நாற்காலி இனாம்" என்றாள் அண்ணி.

"எனக்கு இடுப்பு வேணும் தாயி" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அண்ணன் பீரோவை அசைத்துப் பார்த்தான். "உள்ள என்ன, கல்லா வச்சிருக்க? திற குட்டி."

திறந்தேன். மேல்தட்டில் என் புடவைகள். கீழ்த்தட்டில் போர்வைகள். தொங்குகிற பக்கத்தில் அவருடைய சட்டைகள், நான் தேய்த்து மாட்டியபடியே. அவற்றையும் சேர்த்துத்தான் அவர் தூக்கிக் கொடுத்திருக்கிறார். பீரோவை அவரும் திறந்து பார்க்கவில்லை.

அம்மா அருகில் வந்து பார்த்தாள். அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. "பாரு, இதுவும் நல்லதுக்குத்தான். சட்டையைக் குடுக்கற சாக்குல நீ ஒரு நடை போயிட்டு வரலாம். ஒரு வார்த்தை பேசினாப்பலயும் இருக்கும்."

"யாரும்மா பேசுறது?" என்றேன்.

அம்மா சட்டையின் கைமடிப்பைத் தடவினாள். சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்துத் தனிப் பெட்டியில் வைத்தேன். கை பழகிய வேலை. காலர் மேலே, கைகள் உள்ளே.

புடவைகளையும் போர்வைகளையும் அண்ணி மூட்டை கட்டினாள். காலியான பீரோவை முதலில் ஏற்றினோம். சக்கரத்துக்கு மேலே, சற்று முன்னே தள்ளிப் படுக்கவைத்து, நான்கு மூலையிலும் பட்டை போட்டு இறுக்கினோம். அதை ஒட்டித் தையல் மெஷின். பிறகு பாத்திரம், நாற்காலி. கடைசியாகத் தலையணைகள். காரின் முகம் நிமிர்ந்தது. ட்ரெய்லர் மாட்டிய கொக்கிக்குக் கீழே குறுக்காகப் போட்டிருந்த சங்கிலியை அண்ணன் இழுத்துப் பார்த்தான். விளக்கு எரிகிறதா என்று அண்ணி பின்னால் போய் நின்று கையசைத்தாள்.

"இதை அங்கேயே செஞ்சிருக்கலாம்" என்றாள் அம்மா.

"கதவைத் தட்டியிருந்தா செஞ்சிருக்கலாம்" என்றான் அண்ணன்.

வீடு வந்து சேரும்வரை ட்ரெய்லர் இருப்பதே தெரியவில்லை.

மறுநாள் அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அவருக்குக் கடிதம் எழுதினேன். பள்ளிக்கூடத்தில் எங்களுக்குக் கடிதம் எழுதச் சொல்லிக் கொடுத்த முறை ஒன்று உண்டு. வலது மூலையில் ஊரும் தேதியும். பிறகு நலம், நலமறிய ஆவல். பிறகு அம்மாவின் உடம்பு, மழை, வீட்டு விசேஷம். சொல்ல வந்த விஷயம், இப்படிக்கு என்பதற்குச் சற்று முன்னால். இத்தனை நாளும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். அம்மா வீட்டுக்கு எழுதிய கடிதங்களிலும் கடைசி வரிவரை மழைதான் பெய்துகொண்டிருக்கும்.

இந்த முறை ஊரும் தேதியும் எழுதிவிட்டு, அடுத்த வரியில் எழுதினேன்: 'வீடு எனக்கு வேண்டாம். காலி செய்வதாக வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள். இந்தக் கடிதத்தையே காட்டலாம்.' அதன்பின், பீரோவில் வந்த சட்டைகளைப் பார்சலில் அனுப்புகிறேன், தவறுதலாக வந்துவிட்டன, என்று எழுதினேன். கீழே இடம் நிறைய மிச்சம் இருந்தது. யோசித்துவிட்டு, அனைவரும் நலமாக வந்து சேர்ந்தோம் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாள். "எடுத்த எடுப்புல இப்படியா எழுதுவாங்க? கொஞ்சம் நாலு நல்ல வார்த்தை சொல்லி, கடைசியில வச்சா என்ன?"

அண்ணி சட்டைப் பெட்டிக்கு நாடா ஒட்டிக்கொண்டிருந்தாள். "கனத்தைக் கடைசியில வச்சா வழியில ஆடும் அத்தை" என்றாள், தலை நிமிராமல்.

அம்மா கடிதத்தை இன்னொரு முறை படித்தாள். பிறகு மூன்றாக மடித்து, மடிப்பை நகத்தால் அழுத்தி என்னிடம் கொடுத்தாள். உறைக்குள் போட்டேன். பசை காய்ந்திருந்ததால் விளிம்பை ஈரமாக்கி ஒட்டி, மேலே கடிகாரத்தை வைத்தேன். அது இன்னும் சுவரில் மாட்டப்படவில்லை. ஒட்டியதும் எடுத்து அண்ணியின் கையில் கொடுத்தேன். அவள் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கடிதத்தைக் கைப்பையின் முன்பக்க அறையில் செருகி, ஆபீசுக்குக் கிளம்பினாள்.