தேடுதல் நிறுத்தப்பட்டது

செய்தித் தொடர்பாளர் பயிற்சிக்கு நார்வேக் கடலோரத்தில் இருக்கும் எங்கள் ஸ்ட்ரான்விக் காவல் நிலையத்திலிருந்து இரண்டு பேர் தலைநகர் ஒஸ்லோவுக்குப் போனோம். மேலதிகாரி அனுப்பியதால் நான் போனேன். தூருன் தானாகவே கேட்டு வந்தாள்.

காரணம் ஊருக்கே தெரியும். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அவளுடைய அண்ணன் யோஸ்டெயின் மீன் பிடிக்கப் போனான். படகு மட்டும் கிடைத்தது; அவன் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. ஆறாம் நாள் எங்கள் நிலையத்தில் அன்றிருந்த அதிகாரி, தேடலை நிறுத்திவிட்டதாக வானொலியில் சொல்லிவிட்டார். வீட்டுக்குச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. கார்களை ஏற்றிச் செல்லும் படகுக்காகத் துறையில் வரிசையில் நின்றபோது, காருக்குள் உட்கார்ந்தபடி அவளும் அம்மாவும் அதைக் கேட்டார்கள்.

பயிற்சி தந்த சிஸ்ஸெல், முன்பு தொலைக்காட்சி நிருபராக இருந்தவள். எங்கள் வயதுதான். கேமராவை வைத்துவிட்டு ஆளுக்கொரு தாளைக் கொடுத்தாள். தூருனின் தாளில், ஒரு மீனவரைத் தேடும் பணி 'நிறுத்தப்பட்டது' என்று அறிவிக்க வேண்டும் என்று இருந்தது.

"ஏழு நாளாகத் தேடினோம்" என்று தொடங்கியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"கேமரா ஓடிட்டிருக்கு தூருன். நீ சும்மா நிக்கிற நாலு செகண்ட் டிவியில நாலு வருஷம்" என்றாள் சிஸ்ஸெல்.

"எனக்கு அந்த வார்த்தை வரல."

"வேற வார்த்தை போட்டுக்கோ."

"வேற போட்டா பொய்யாயிடும்."

மதியம் சாப்பிடும்போது நான் சொன்னேன்: "இந்த மாதிரி அறிவிப்பெல்லாம் நான் பாத்துக்கறேன். நீ திருட்டு, விபத்துன்னு பேசிக்கோ."

அவள் ரொட்டியைத் தட்டில் வைத்தாள். "இதை யாராவது ஒழுங்கா சொல்லிக் கேக்கணும்னு பன்னிரண்டு வருஷமா இருக்கேன், கௌத்தே. யாரும் சொல்லலன்னா நானாவது சொல்லிப் பாக்கணும்ல."

மூன்று வாரம் முடியும்வரை அவளுக்கு அந்த வார்த்தை வரவில்லை. ஆனாலும் சிஸ்ஸெல் அவளைத் தேறியவர்கள் பட்டியலில் சேர்த்தாள்.

அக்டோபரில் இங்வில்ட் என்ற பெண் துடுப்புப் படகில் போய்த் திரும்பவில்லை. எட்டாம் நாள், தேடலை நிறுத்துவதென்று மேலிடத்தில் முடிவானது. இரண்டு மணிக்குச் செய்தியாளர் கூட்டம். ஒரு மணிக்கே தூருன் என்னை அழைத்துக்கொண்டு இங்வில்டின் அப்பா ஆக்முந்த் வீட்டுக்குப் போனாள். காலணியைக் கழற்றிவிட்டுச் சமையலறையில் உட்கார்ந்தோம்.

"ரெண்டு மணிக்குத் தேடலை நிறுத்தறோம்னு அறிவிக்கப் போறேன். அதை முதல்ல நீங்க கேக்கணும்னு வந்தேன்."

"நிறுத்தறதுன்னா, ஒரேடியாவா?"

"படகெல்லாம் திரும்பிடும். வழக்கை மூட மாட்டோம். ஆனா உயிரோட கிடைப்பாங்கற நம்பிக்கை எங்களுக்கு இல்ல, ஆக்முந்த்."

அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "உனக்கென்ன, சொல்லிட்டுப் போயிடுவ."

"என் அண்ணனும் இந்தத் தண்ணியிலதான் போனான்."

அவர் திரும்பி அவளைப் பார்த்து, "அவன் போயிட்டான்னு மனசு ஒத்துக்கிச்சா?" என்று கேட்டார்.

"போயிட்டான்னு தெரியும். ஆனா துறையில யாராவது அவனை மாதிரி முதுகு காட்டி நின்னா, முகத்தைப் பாக்காம என்னால நகர முடியல."

ஆக்முந்த் தலையாட்டினார். "என் பொண்ணு என்னமோ விவரம் தெரியாமப் போனவ மாதிரி டிவியில பேசறாங்க. அவ பதினஞ்சு வருஷமா இந்தக் கடல்ல துடுப்புப் போடறவ. அதைச் சொல்லுவியா?"

"சொல்றேன்."

இரண்டு மணிக்கு அவள் கேமராக்களின் முன் நின்றாள். குரல் தடுமாறவில்லை. "தேடுதல் நிறுத்தப்பட்டது" என்றாள். இங்வில்ட் பதினைந்து வருடம் இந்தக் கடலில் துடுப்புப் போட்டவள் என்றும் சொன்னாள். குடும்பத்துக்குத் தெரியுமா என்று ஒரு நிருபர் கேட்டார். "தெரியும். அவங்க வீட்டுக்குப் போய்ச் சொல்லிட்டுத்தான் இங்க வந்தேன்."

டிசம்பரில் ஒரு மீன்பிடிப் படகின் வலையில் இங்வில்டின் உடல் கிடைத்தது. அதைச் சொல்லவும் நாங்கள் இருவரும்தான் போனோம். ஆக்முந்த் தூருனின் தோளில் தலை சாய்த்து அழுதார். கல்லறைத் தோட்டத்தில் மனைவிக்குப் பக்கத்தில் மகளுக்கு இடம் இருக்கிறதென்று மூன்று முறை சொன்னார்.

திரும்பும் வழியில் நான்தான் வண்டி ஓட்டினேன். பாலத்தைத் தாண்டினோம்.

"அவரைப் பாத்தா பொறாமையா இருக்கு, கௌத்தே" என்றாள்.

நான் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தேன். அவள் பக்கச் சன்னலுக்கு வெளியே கடல் சாம்பல் நிறத்தில் கிடந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு வந்தாள்.